பணி செய்யும் இடம்

மக்களின் வாழ்நாளில் உறக்கத்திற் கழியும் பொழுதை நீக்கினால், எஞ்சிய பொழுதின் பெரும்பகுதி தொழிலிலேயே கழிகின்றது. உழவர்க்கு வயலும், மீனவர்க்கு நீர்நிலையும், நெசவாளர்க்குத் தறிக்கூடமும், எழுத்தர்க்கு அலுவலகமும் இரண்டாம் இல்லங்கள் ஆகின்றன. வாழும் வீடு காற்றும் ஒளியும் உடையதாய் அமைய வேண்டும் என்று விரும்பும் நாம், நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்து உழைக்கும் இடத்தைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கின்றோம். இருக்கை எத்தகையது என்று கேட்பதில்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்து, இடனறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது போர்வினை கருதும் அரசனுக்கு உரைத்ததேயாயினும், அதன் அடிப்படைக் கருத்து எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். செய்வோனுக்கு வலிமை இருந்தாலும், காலம் வாய்த்தாலும், இடம் வாயாவிடின் வினை செம்மையாக முற்றுப்பெறாது.

இக்காலத்தில் அலுவலகங்களின் உட்புறத்தை அமைப்பது ஒரு தனிக்கலையாக வளர்ந்துள்ளது. பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், வண்ண விளக்கு, பசுஞ்செடித் தொட்டி என்று காண்போர் வியக்கும் வண்ணம் பெருநகரங்களில் அலுவலகங்கள் எழுகின்றன. அழகு வேண்டாவென்று யாரும் கூறார். ஆயினும், ஒரு பணியிடம் நல்லதா அன்றா என்பதை அறியும் அளவுகோல் அதன் பொலிவு அன்று. அங்கே உழைத்தவரின் உடலும் உள்ளமும் மாலையில் எந்நிலையில் வீடு திரும்புகின்றன என்பதே உண்மையான அளவுகோல். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு சில பணியிடங்களைக் காண்போம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியை அடுத்துக் காட்டூர் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. பழவேற்காட்டு ஏரி உவர்நீர் ஏரி. நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் இங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டித் தம் வாணிகத்தை நடத்தினர். இந்நாளில் இப்பகுதி மக்கள் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்கின்றனர்.

இவ்வேரிக்கரைக் குப்பங்களில் வலை செப்பனிடும் இடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மரநிழலிலோ ஓலைக் கொட்டகையிலோ மீனவர் தரையில் அமர்ந்திருப்பர். வலையின் ஒரு முனையைக் கால்விரலில் மாட்டி, இழுத்துப் பிடித்து, ஊசியால் அறுந்த கண்களைப் பின்னுவர். வெயில் நேராக விழாது. ஆனால் நுண்ணிய நூலைக் காணும் அளவிற்கு ஒளி நாற்புறமும் இருக்கும். ஏரியிலிருந்து காற்று வரும். பக்கத்தில் தோழர் இருப்பர், பேச்சும் நடக்கும், பணியும் நடக்கும். கால் மரத்துப்போனால் எழுந்து நடக்கலாம், தடுப்பார் இல்லை. இவ்விடத்தை அமைக்க எந்தச் சிற்பியும் வரவில்லை. பல தலைமுறையின் பட்டறிவே அதனை அமைத்தது. நம் நெசவாளரின் குழித்தறியும் இத்தகையதே. கால்கள் குழியில் தொங்கி மிதிகட்டையை மிதிக்க, கைகள் துணியின் மட்டத்திற்கே வருமாறு அமைந்த அவ்வமைப்பு, உடலின் அளவை அறிந்து செய்ததன்றோ?

ஆயினும், பழமை அனைத்தும் நன்று என்று கொள்ளுதலும் தவறு. அதே ஏரியில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் குலப் பெண்கள், நெடுநேரம் நீரிலேயே குனிந்து உழைக்கின்றனர். பிடித்ததை இடும் பறியைப் பல்லாற் கடித்துக்கொண்டே இரு கைகளாலும் துழாவுவர். கரையில் மீன் வகைப்படுத்தும் மகளிரும் குனிந்த முதுகு நிமிராமல் பணி செய்கின்றனர். சந்தையில் கூடை வைத்து விற்போர் பலருக்குத் தலைக்குமேல் கூரை இல்லை. ஓலைக் கொட்டகையும் பணியிடம், ஏரியும் பணியிடம், வெயில் காயும் சந்தைத் தரையும் பணியிடம். எனவே நல்ல பணியிடம் என்னும் பேச்சை, நான்கு சுவர்களுக்குள் இருக்கும் அலுவலகத்தோடு நிறுத்திவிடுதல் கூடாது.

இனி, ஏரிக்கரையை விட்டு நகரத்திற்குச் செல்வோம். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் புகைவண்டி ஏறிச் சென்னைக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். சிலர் அலுவலகங்களிலும், சிலர் துறைமுகங்களிலும், சிலர் துணிக்கடை, நகைக்கடைகளிலும் பணியாற்றுகின்றனர். கடைகளிற் பணியாற்றுவோரின் நிலை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கடைக்குள்ளே குளிர்ந்த காற்று வீசும். ஆயிரம் விளக்குகள் எரியும். வாங்க வருவோருக்கு மெத்தை தைத்த இருக்கைகள் இருக்கும். ஆனால் புடைவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு அமர ஒரு முக்காலியும் இராது. வாங்குவோர் இல்லாத வேளையிலும் அவள் நிற்கவேண்டும். சுவரிற் சாய்தலும் பல கடைகளிற் குற்றமாகக் கருதப்பட்டது. காலையிற் கடை திறக்கும்போது நின்றவள், இரவு கடை அடைக்கும்வரை நின்றாள்.

நிற்பதில் என்ன துன்பம் என்று சிலர் நினைக்கலாம். மனித உடலில் குருதி, காலிலிருந்து நெஞ்சுக்கு மேல்நோக்கி ஏற வேண்டியுள்ளது. நடக்கும்போது கெண்டைக்காலின் தசை சுருங்கி விரிந்து, அக்குருதியை மேலே தள்ளுகின்றது. அசையாது நிற்கும்போது அத்தசை உதவுவதில்லை. குருதி காலிலேயே தேங்குகின்றது. நாளடைவில் கால் வீங்கும். நரம்புகள் புடைத்துச் சுருண்டு நீலநிறமாய்த் தோன்றும். இடுப்பும் முதுகும் நோகும். கருவுற்ற மகளிர்க்கு இத்துன்பம் மேலும் மிகும். கழிப்பறைக்குச் செல்லவும் இசைவு பெறவேண்டிய கடைகளில், பெண்கள் நீர் பருகுவதையே குறைத்துக்கொண்டனர். அதனால் வேறு நோய்களும் வந்தன.

இக்கொடுமையைக் கண்டு முதலிற் குரல் எழுப்பியவர் அறிஞருமல்லர், அமைச்சருமல்லர். கேரளத்தில் கோழிக்கோட்டு நகரில், கடைகளிற் பணியாற்றிய எளிய பெண்களே எழுந்தனர். விஜி என்னும் தையற்றொழில் செய்த பெண்மணி முன்னின்று, ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் வாயிலாக அவர்களைத் திரட்டினார். அமரும் உரிமை வேண்டும் என்பதே அவர்களின் வேண்டுகோள். பொன் வேண்டுமென்றோ, மாளிகை வேண்டுமென்றோ அவர்கள் கேட்டிலர். ஓர் இருக்கை கேட்டனர். 2018ஆம் ஆண்டில் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை வழங்கியது.

அதனை அடுத்துத் தமிழ்நாடும் இவ்வறத்தை மேற்கொண்டது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திற்குத் திருத்தம் ஒன்று, 2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் அதனை முன்மொழிந்தார். அத்திருத்தத்தால் 22-அ என்னும் புதிய பிரிவு சட்டத்திற் சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கைகள் இருத்தல் வேண்டும். பணியினிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் அமர்வதற்கு இடமளித்தல் வேண்டும். வேலைநேரம் முழுதும் நின்றுகொண்டேயிருக்கும் நிலை ஒழிதல் வேண்டும் என்பது அதன் கருத்து.

இங்கே ஒன்றை உளங்கொள்ளுதல் வேண்டும். இக்கருத்து உலகிற்குப் புதியதன்று. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே, கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைத்தல் வேண்டும் என்று ஒரு சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளர் இடையிடையே இளைப்பாறுவதற்கு இருக்கை வேண்டுமென விதித்தது. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றது. எனினும், தொழிற்சாலைத் தொழிலாளி 1948இல் பெற்ற இருக்கையைத் தமிழ்நாட்டுக் கடைப்பணியாளர் பெறுவதற்கு மேலும் எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின! ஒரு நாற்காலியின் விலை சிறிது. அதனை இடுவதற்கு வேண்டிய மனம் பெரிது. அம்மனம் வாயாமையே இவ்வளவு காலத் தாழ்வுக்குக் காரணம்.

நிற்றல் துன்பமென்றால், நாள் முழுதும் அமர்ந்திருத்தல் இன்பமோ எனின், அதுவும் அன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி என்பார், தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியை நோக்கி, ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்றும் மருத்துவன் கேட்டறிதல் வேண்டும் என அறிவுறுத்தியவர் அவர். 1713ஆம் ஆண்டில் அந்நூலை விரித்து வெளியிட்டபோது எழுத்தர்களின் நோயையும் ஆராய்ந்து, அதற்கு மூன்று காரணங்கள் கூறினார். இடைவிடாது அமர்ந்திருத்தல் ஒன்று. கையை ஒரே போக்கில் ஓயாது அசைத்தல் ஒன்று. பிழை நேராதிருக்க வேண்டுமே என்னும் மனவழுத்தம் ஒன்று. இறகுப் பேனாவால் எழுதியோரைக் கண்டு அவர் கூறியது, கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் இந்நாளைய அலுவலர்க்கும் அப்படியே பொருந்துகின்றது. கருவி மாறியுள்ளது, உடல் மாறவில்லை.

மனிதனுக்கேற்பப் பணியையும் கருவியையும் இடத்தையும் அமைக்கும் முறையை ஆராயும் துறை, இன்று பணிச்சூழலியல் எனப்படுகின்றது. இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு கழகம் தோன்றியது. இத்துறையின் முதற்கொள்கை எளியது: மனிதனை நாற்காலிக்கேற்ப வளைத்தல் கூடாது, நாற்காலியை மனிதனுக்கேற்ப அமைத்தல் வேண்டும்.

நல்ல இருக்கையில் அமரும்போது உள்ளங்கால் இரண்டும் தரையில் நன்கு பதியும். முழங்கால் ஏறத்தாழ இடுப்பின் மட்டத்தில் இருக்கும். முதுகின் கீழ்ப்பகுதியில் இயல்பாக உள்ள உள்வளைவை நாற்காலியின் சாய்மானம் தாங்கும். முழங்கை மேசையின் உயரத்திற்கு ஒத்திருக்கும். தோளைத் தூக்கிக்கொண்டு எழுத நேராது. கணிப்பொறியின் திரை ஒரு கை நீளத் தொலைவிலும், அதன் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்திலும் இருந்தால் கழுத்து வருந்தாது. நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் ஒரே அளவு பொருந்தாது. ஆதலின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் இருக்கையே சிறந்தது. அத்தகைய இருக்கை இல்லையாயின், கால் எட்டாதவர்க்கு ஒரு பலகையை அடியில் இட்டுக்கொடுத்தாலே துன்பத்திற் பாதி நீங்கும்.

ஆனால் எவ்வளவு சிறந்த நாற்காலியும் எழுந்து நடப்பதற்கு ஈடாகாது. நெடுநேரம் அமர்ந்திருப்பவர் இடையிடையே எழுந்து சில அடி நடத்தல் வேண்டும். திரையை நோக்கிப் பணிபுரிவோர், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடித் தொலைவிலுள்ள ஒன்றை, இருபது நொடி நோக்குதல் நன்றெனக் கண்மருத்துவர் கூறுவர். ஏரிக்கரையில் வலை பின்னுபவர், ஊசியினின்று கண்ணை எடுத்துத் தொலைவிலுள்ள படகை நோக்குகின்றார். யாரும் சொல்லாமலே அவர் அதனைச் செய்து வருகின்றார்.

இருக்கைக்கு அடுத்து வேண்டுவன காற்றும் ஒளியும் ஆகும். ஓர் அறையில் எத்துணைப் பேர் இருந்து பணி செய்யலாம் என்பதற்கும் கணக்குண்டு. முன்கூறிய தொழிற்சாலைச் சட்டம், ஒரு தொழிலாளிக்கு 14.2 கனமீட்டர் இடம் வேண்டுமெனக் கூறியது. தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைக் கணக்கிற் சேர்த்தல் கூடாதெனவும் விதித்தது. கூரையை வானளாவ உயர்த்திவிட்டுக் கீழே மக்களை நெருக்கி அடைத்தல் கூடாதன்றோ? ஐந்து மீட்டர் நீளமும், நான்கு மீட்டர் அகலமும், 4.2 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 84 கனமீட்டர். அதனை 14.2ஆல் வகுத்தால் ஆறுக்குச் சற்றுக் குறைவாக வரும். எனவே அவ்வறையில் ஐவர்க்கே இடமுண்டு. மாணவர்கள் தாம் காணும் அறைகளை அளந்து இக்கணக்கைச் செய்து பார்த்தல் பயன் தரும்.

காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுதல் வேண்டும். ஒரே சுவரில் இரண்டு பலகணி வைப்பதினும், எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைத்தல் நன்று. சூடான காற்று மேலே எழும் இயல்பினது. ஆதலின் கூரையை ஒட்டிச் சிறு திறப்புகள் வேண்டும். நம் பழைய வீடுகளில் நடுவே முற்றமும், சுற்றிலும் தாழ்வாரமும் அமைந்தது இக்காரணம் பற்றியே. வடக்கு நோக்கிய பலகணி வழியே வெயிலின் கடுமையின்றி ஒளி மட்டும் வரும். கணிப்பொறித் திரையைப் பலகணிக்கு நேரெதிராக வைத்தால் கண் கூசும். பக்கவாட்டில் வைத்தால் கூசாது. இவையெல்லாம் பொருட்செலவின்றியே செய்யத்தக்கவை.

பழைய முற்றத்தின் பயனை இக்காலக் கட்டடக் கலைஞரும் உணர்ந்துள்ளனர். ஐதராபாத்தில் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் என்று ஒரு கட்டடம் உண்டு. குடியரசுத் தலைவராய் இருந்த அப்துல் கலாம் 2004ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதனைத் திறந்துவைத்தார். அதன் நடுவே முற்றம் இருக்கின்றது. துளைகள் செறிந்த சாலகச் சுவர்கள் ஒளியையும் காற்றையும் மென்மையாக்கி உள்ளே விடுகின்றன. பகலில் அதன் பெரும்பகுதிக்கு விளக்கு வேண்டுவதில்லை. பசுமைக் கட்டடங்களுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று வழங்கும் மிக உயர்ந்த தரச்சான்றை, அந்நாட்டிற்கு வெளியே முதன்முதற் பெற்ற கட்டடம் இதுவே.

காற்றைப் பற்றிப் பேசும்போது, வெள்ளையர் ஆட்சிக்காலத்து அலுவலகங்களில் இருந்த பங்காவை மறத்தலாகாது. கூரையிலிருந்து ஒரு நீண்ட துணித் தட்டி தொங்கும். அதிற் கட்டிய கயிறு சுவர்த்துளை வழியே வெளியே செல்லும். தாழ்வாரத்தில் அமர்ந்த ஏழையொருவன் வெப்பத்தில் வியர்த்துக்கொண்டே, நாளெல்லாம் அக்கயிற்றை இழுப்பான். உள்ளே இருந்த அதிகாரிக்குக் குளிர்ந்த காற்று வந்தது. அவ்வறை அதிகாரிக்கு நல்ல பணியிடந்தான். ஆனால் தாழ்வாரமும் அதே அலுவலகத்தின் பணியிடம் அன்றோ? ஒருவனது வசதி மற்றொருவனது வருத்தத்தின்மேல் எழுமாயின், அதனை நல்ல அமைப்பென்று கூறுதல் தகாது. மின்விசிறி வந்தபின் பங்கா மறைந்தது. அம்மனப்பான்மை முற்றும் மறைந்ததெனக் கூற இயலாது. குளிரூட்டிய மாளிகையின் வாயிலில் வெயிலில் நிற்கும் காவலரையும், உண்ண இடமின்றி மாடிப்படியின் கீழ் அமர்ந்து உண்ணும் துப்புரவுப் பணியாளரையும் இன்றும் காண்கின்றோம்.

அடுத்து, சுவர்களைப் பற்றிச் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டில் இராபர்ட்டு பிராப்சுட்டு என்பார், அலுவலர் தத்தம் விருப்பப்படி நகர்த்தி அமைத்துக்கொள்ளத்தக்க தட்டிகளையும் மேசைகளையும் வகுத்தார். 1964இலும் பின்னர் 1968இலும் அவை விற்பனைக்கு வந்தன. உழைப்போர்க்கு உரிமையும் அசைவும் தருவது அவர் நோக்கம். ஆனால் நிறுவனங்களோ அத்தட்டிகளை நெருக்கி நிறுத்தி, சின்னஞ்சிறு கூண்டுகளாக்கி, குறைந்த இடத்தில் மிகுந்த ஆட்களை அடைத்தன. தம் எண்ணம் இவ்வாறு திரிந்ததைக் கண்டு பிற்காலத்தில் அவரே வருந்தினார்.

கூண்டு வேண்டாவென்று சுவர்களையே நீக்கிய அலுவலகங்களும் தோன்றின. எல்லாரும் ஒரே பெருங்கூடத்தில் இருந்தால் மனங்கலந்து பேசுவர் என்று அவற்றை அமைத்தோர் கருதினர். இக்கருத்தை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெர்ன்சுட்டீன், டர்பன் என்னும் ஆய்வாளர் இருவர் சோதித்து 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த இரு நிறுவனங்களிலும், சுவர்களை நீக்கியபின் நேரிற் பேசுதல் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்தது. மின்னஞ்சல் வழிச் செய்தி மிகுந்தது. எந்நேரமும் பிறர் கண்ணில் படும் இடத்தில், மக்கள் தமக்குத் தாமே ஒரு திரையிட்டுக்கொள்கின்றனர் போலும்! கூடி ஆராய ஓர் இடமும், தனித்துச் சிந்திக்க ஓர் இடமும் ஆக இரண்டும் வேண்டும் என்பதே இதனால் அறியத்தக்கது.

இனி, இடத்தைப் பகிர்ந்தளிக்கும் முறை. எந்த அலுவலகத்திலும் எல்லா இடமும் ஒத்த இடமாய் இராது. பலகணியோரம் காற்றுண்டு, உள்மூலையில் இருளுண்டு. பெரும்பாலும் உயர்ந்த பதவியினர்க்கு நல்லிடமும், தாழ்ந்த பதவியினர்க்கு எஞ்சிய இடமும் வாய்க்கின்றன. இவ்வகையில் பழவேற்காட்டு மீனவர் நமக்கு ஒரு நெறி காட்டுகின்றனர். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே அளவாக அகப்படுவதில்லை. வளமான இடத்தை வலியவர் என்றும் தமதாக்கிக்கொள்ளாதவாறு, கோட்டைக்குப்பம் முதலிய சில குப்பங்களில் பாடு என்னும் முறை வழங்கி வருகின்றது. உரிமையுடைய மீனவர், முறைவைத்து வளமான இடங்களில் மாறிமாறி வலையிடுவர். இன்று ஒருவர்க்கு நல்லிடம் வாய்த்தால், நாளை மற்றொருவர்க்கு வாய்க்கும். இம்முறைக்குள் சேர்க்கப்படாத மக்களும் ஏரியை நம்பி வாழ்கின்றனர். அதனாற் பூசல்களும் எழுந்ததுண்டு. எனினும், தொழிலிடத்தின் நன்மையும் தீமையும் ஒருவர்க்கே நிலைத்துவிடுதல் கூடாது என்னும் அதன் உட்கருத்து போற்றத்தக்கது. அலுவலகத்திலும் ஆண்டுக்கொருமுறை இருக்கைகளை மாற்றி அமைத்தால் என்ன?

இடம் நன்றாயினும், இளைப்பாறப் பொழுது இல்லையேல் பயனில்லை. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பஞ்சாலைகள் இருந்தன. அங்குத் தொழிலாளர்க்கு நண்பகலில் விட்ட இடைவேளை மிகக் குறுகியது. கைகழுவி உண்டு திரும்புவதற்கே அது போதாதிருந்தது. இத்தகைய குறைகளை நீக்கிக்கொள்ள 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைக் கூறுவர். பி. பி. வாடியா அதன் தலைவரானார், தமிழ்த்தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். தமிழாசிரியராய் விளங்கிய ஒருவர், ஏட்டை மூடிவைத்துத் தொழிலாளரின் சோற்றுப்பொழுதிற்காகப் பேசினார் என்பது தமிழ் பயில்வோர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

நல்ல பணியிடத்திற்கு இன்னும் சில வேண்டும். குடிக்கத் தூயநீரும் தூய கழிப்பறையும் முதற்கண் வேண்டுவன. தீப்பற்றினால் விரைந்து வெளியேற வழி வேண்டும். அவ்வழியில் மூட்டைகளை அடுக்கிவைத்தல் பெருங்கேடு. சக்கர நாற்காலியில் வருவோர்க்குப் படிக்கட்டினருகே சாய்தளம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 2016ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. பெண்கள் அச்சமும் இழிவுமின்றிப் பணி செய்தற்குரிய பாதுகாப்பு வேண்டும். அதற்கெனச் சட்டம் 2013ஆம் ஆண்டில் வந்தது. ஐம்பதின்மர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறிற்று. சட்டம் வழிகாட்டும், அவ்வழியிற் செல்லவேண்டியவர் மக்களே. இருக்கையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, அதில் அமர்ந்தோரைக் கடிந்து நோக்கினால், அங்கே இருக்கை இருந்தும் இல்லாததே ஆகும்.

இவற்றிற்கெல்லாம் பொருட்செலவு மிகாதோ என முதலாளிமார் கேட்கலாம். காலும் முதுகும் நோகும் பணியாளர் அடிக்கடி விடுப்பெடுப்பர், பிழை செய்வர், வேறிடம் தேடிச் செல்வர். அவ்விழப்பையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்தால், நாற்காலி வாங்கியது செலவு ஆகாது. ஆதாயம் ஒருபுறமிருக்க, உழைப்பவன் கருவியல்லன், மனிதன் என்னும் ஒரு காரணமே போதும்.

மாணவர்களே! வகுப்பறையும் ஒரு பணியிடமே. கல்வியே உங்கள் பணி. உங்கள் கால் தரையில் பதிகின்றதா? வலக்கையால் எழுதுவோர்க்கு இடப்புறமிருந்து ஒளி வருகின்றதா? கடைசி வரிசையில் இருப்போர்க்குக் கரும்பலகை தெரிகின்றதா? ஆண்டு முழுதும் ஒருவரே இருண்ட மூலையில் அமர்கின்றாரா? இவற்றை நோக்குங்கள், மாற்றக்கூடியவற்றை ஆசிரியரிடம் கூறி மாற்றுங்கள். நாளை உங்களுட் பலர் அலுவலகங்களிலும் கடைகளிலும் ஆலைகளிலும் பணிக்குச் செல்வீர். சிலர் பிறரை வேலைக்கு அமர்த்தும் நிலையையும் அடைவீர். அந்நாளில் உங்கள் கூடத்தை அழகு செய்யுமுன், அங்கே நிற்பவர் எவர், அவர் அமர இடம் உண்டா என்று முதலிற் பாருங்கள். உழைப்பவர் தளராத இடமே அழகிய இடம்.